ஆள் நடமாட்டமுள்ள மலை

முதல் தடவையாக முதுகில் மூட்டையோடு மலையில் நடக்கப்போகிறவரை ஆளரவமற்ற காட்டுக்குள் கூட்டிப்போகக் கூடாது என்பது என் கட்சி. சொன்னால் மலையேறுகிற நண்பர்களுக்குக் கோபம் வரும். கூடாரமும் கணப்பும் தனிமையும் இல்லாமல் அது என்ன மலைநடை என்பார்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் மத்தியானத்துக்குள் முட்டி பிடித்துக்கொள்ளும், பாட்டில் காலியாகும், பெண்ணாக இருந்தால் எங்கே ஒதுங்குவது என்ற கவலை வந்துவிடும். அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்க வேண்டும். நட்சத்திரங்களை இன்னொரு பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கை மகள் சென்னையில் கணினி வேலை பார்க்கிறவள். "பெரியம்மா, என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்று வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தயார் செய்வதைவிட அவள் அம்மாவைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடு. மலை என்றாலே தங்கைக்குக் குரங்கணிதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதில் பலர் இவள் வயதுப் பெண்கள், மலைக்குப் புதியவர்கள். கோடை தொடங்கிவிட்ட நேரம், காய்ந்து கிடந்த புல், மேலே ஏறிவரும் காற்று, எந்தப் பக்கம் இறங்கினால் பிழைக்கலாம் என்று தெரியாத கூட்டம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களைத் தேர்ந்து, வழிகாட்டியோடும் முன்பதிவோடும் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனாலும் தங்கையின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புதியவரைக் கூட்டிப்போகிறவர் வரைபடத்தில் சிகரத்தைத் தேடுவதற்கு முன்னால் வெளியேறும் வழிகளைத் தேட வேண்டும்.

அப்படித் தேடித்தான் இலங்கைக்கு வந்து சேர்ந்தோம்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி அவிழ்ப்பதற்குள் வந்துவிடுகிறது. மலையகத்தில் எங்கே நடப்பது என்பதில்தான் வீட்டில் வாதம். அவள் கேட்டது சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள், நள்ளிரவில் ஏறி விடியலில் சிகரத்தில் நிற்பது. அது யாத்திரை; மூட்டை தூக்கி, ஊர் கடந்து, ராத் தங்கி நடக்கிற பழக்கத்துக்கு அது உதவாது. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு வரை போய்த் திரும்பும் வட்டம் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். அழகு, ஆனால் புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வருகிற நடை. கடைசியில் பீக்கோ ட்ரெயிலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டோம்.

இந்தத் தடம் கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்குகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்களாக மத்திய மலைநாட்டைச் சுற்றி நுவரெலியா பக்கம் வந்து முடிகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த, இலங்கையில் நெடுங்காலம் வாழ்கிற மிகேல் குனாட் என்பவரின் யோசனை; ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் போட்டன. புதிதாக வெட்டிய பாதை என்று பார்த்தால் அதில் அதிகம் இல்லை. காப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வண்டி போன ரோடுகள், துரைமார் குதிரையில் போன வழிகள், தொழிலாளர்கள் மலைக்கும் லயம் என்கிற வரிசை வீடுகளுக்கும் கடைக்கும் கோயிலுக்குமாகப் போட்டுக்கொண்ட குறுக்குகள். இவற்றைக் கோத்துக் கம்பம் நட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் கட்டம் புறப்படும் லூல்கந்துர தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடம் கழித்துக் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்து, சில பத்தாண்டுகளில் காப்பி போய் மலை முழுக்கத் தேயிலை ஆனது.

நாங்கள் தேர்ந்தது நான்காம், ஐந்தாம் கட்டங்கள்: தவலந்தென்னயிலிருந்து பூண்டுலோயா, பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை. இரண்டும் கொத்மலைப் பள்ளத்தாக்கின் தோளில் போகின்றன. தேர்ந்த காரணம் அழகு என்று சொன்னால் பொய். தவலந்தென்ன, கண்டி–நுவரெலியா பிரதான வீதியில் இருக்கிறது. பூண்டுலோயாவில் பஸ் நிலையம், மருந்துக் கடை, ஆஸ்பத்திரி. வட்டகொடையில் ரயில். நடுவில் எங்கே கால் மடங்கினாலும் தோட்டத்து ரோட்டுக்கு ஆட்டோ வரும். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் தங்கை தலையாட்டினாள்.

மாதம் தை. கொத்மலை மேற்குச் சரிவு. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை அடித்து நொறுக்கும், ஐப்பசி கார்த்திகையிலும் விடாது. தை, மாசிதான் கொஞ்சம் மூச்சு விடும். பங்குனி பிறந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் இடி. நாங்கள் போனது டித்வா புயலுக்கு முந்தைய ஒரு தையில். 2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மலையகத்தை மண்சரிவுகளால் கிழித்துப்போட்ட பிறகு, எந்தத் தோட்டத்துப் பாதை எப்படி இருக்கிறது என்று உள்ளூரில் கேட்காமல் யாரும் கிளம்பக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அது வந்தால் டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை என்று கொழும்பிலேயே தங்கிவிட வேண்டும்.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். அவள் முதலில் கட்டிய பையை வீட்டுத் தராசில் வைத்தால் பதினொரு கிலோ. கூடாரம், சின்ன அடுப்பு, படுக்கைப் பை, இரண்டு ஜீன்ஸ், முகத்துக்கு மட்டும் நாலு குப்பி. "பெரியம்மா, கூடாரம் இல்லாம எப்படி? வீடியோல எல்லாரும் கொண்டு போறாங்களே!" என்றாள். ஒவ்வொரு கட்டத்தின் முனையிலும் விடுதியோ வீட்டுத் தங்கலோ இருக்கும்போது கூடாரம் எதற்கு? தோட்டத்து நிலத்தில் கேட்காமல் கூடாரம் அடித்தால் அடுத்த நாள் காலை கணக்கப்பிள்ளை வந்து எழுப்புவார். அடுப்பும் போனது. ஜீன்ஸ் நனைந்தால் காய இரண்டு நாள் பிடிக்கும், அதுவும் போனது. மிஞ்சியது: சீக்கிரம் காயும் உடை இரண்டு செட், ராத்திரிக்கு ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, டார்ச், கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை. உப்பு–சர்க்கரைப் பொடியை அங்கே போய் 'ஜீவனி' என்று கேட்டால் எந்த மருந்துக் கடையிலும் கொடுப்பார்கள். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. தங்கை கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவை மட்டும் எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பயிற்சிக்கு அழகர்மலை. அவள் மதுரைக்கு வரும்போதெல்லாம் பையில் அஞ்சு கிலோ அரிசியைப் போட்டு, கள்ளழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை ஏறவைத்தேன். மலைநடைக்குப் புது ஷூவோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். ஷூ உள்ளூரிலேயே கடித்து முடித்திருக்க வேண்டும். இறங்கும்போது முட்டியை எப்படித் தளர்வாக வைப்பது, பையின் கனத்தைத் தோளிலிருந்து இடுப்புப் பட்டைக்கு எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அங்கேதான் படித்தாள். குரங்குகளிடமிருந்து அரிசியைக் காப்பாற்றுவது பாடத்திட்டத்தில் இல்லாத உபரி.

நேரக் கணக்குக்கு வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன விதி இன்றும் செல்லும்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். புதியவர் என்றால் அதை ஒன்றரையால் பெருக்குவேன். மலையகம் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் வழியில் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவார்கள். இருட்டு ஆறு, ஆறரைக்கே வந்துவிடும் நாடு அது. மத்தியானம் இரண்டுக்கு மேல் பனிமூட்டம் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். விடிந்ததும் கிளம்பி, இரண்டு மணிக்குள் ஊர் சேர்வது என்று வைத்துக்கொண்டோம்.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாகத் தவலந்தென்ன வந்து இறங்கி, மறுநாள் காலை ஏறத் தொடங்கினோம். கம்பளைப் பக்கத்துச் சின்னப்பிட்டியில்தான் ஜார்ஜ் பேர்ட் 1820களில் காப்பித் தோட்டம் போட்டு, தமிழ்நாட்டிலிருந்து முதல் கூலிக் குடும்பங்களைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று நம் பக்கத்திலிருந்து லட்சக்கணக்கில் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை ஆயிரமோ. இருநூறு ஆண்டு நினைவாக 2023 ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. பீக்கோ ட்ரெயிலை உலகத்தின் அழகான நடைகளில் ஒன்று என்று எழுதுகிறவர்கள் அந்த நடையையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.

கொஞ்சம் ஏறித் திரும்பினால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம். தங்கை மகள் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். மலைகளின் காலிடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்து, விரல் விரலாகப் பிரிந்து, அங்கங்கே பச்சையும் சாம்பலுமாகக் கிடந்தது. மகாவலித் திட்டத்தின் அணைகளில் இது ஒன்று. சுவீடன் உதவியோடு 1979-ல் தொடங்கி 1985-ல் முடிந்தது. 87 மீட்டர் உயரம், 600 மீட்டர் நீளக் கல்லணை. பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கிறதே தவிர, அடியில் கிடப்பது கொத்மலையின் பழைய வயல்களும் கிராமங்களும் விகாரைகளும். தண்ணீர் மிகவும் வற்றினால் கடதொர விகாரையின் சுவரும் சிலையும் வெளியே வரும்; சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். இளவரசன் துட்டகைமுனு தகப்பனிடம் மனஸ்தாபப்பட்டு வந்து ஒளிந்திருந்த நாடு இது என்று சிங்கள மக்கள் சொல்லுவார்கள். மறைந்திருக்கத் தோதான மடிப்புகள்தான்.

கீழே வயல் இருக்கிற வரைக்கும் சிங்களக் கிராமம்; தேயிலை தொடங்கியதும் தமிழ். ஒரு வளைவில் நாய் சிங்களத்தில் அதட்டப்பட்டது, அடுத்த வளைவில் தமிழில். 'வத்துர', 'ஸ்துதி' என்று தண்ணீருக்கும் நன்றிக்கும் இரண்டு வார்த்தை கற்றுவைத்திருந்த தங்கை மகள், எந்த வீட்டில் எதைச் சொல்வது என்று ஓட்டுக்கூரையைப் பார்த்தும் வாசல் மாடத்தைப் பார்த்தும் முடிவுசெய்யப் பழகிக்கொண்டாள். வரைபடம் போனில் இறக்கி வைத்திருந்தோம், பாதிக்குப் பாதி மனிதர்களிடம் கேட்டே போனோம். இதே கொத்மலையில் 1990களின் முடிவில் யுனெஸ்கோ துணையோடு ஒரு சமூக வானொலி வேடிக்கையான வேலை செய்தது: கணினி பார்த்திராத கிராமத்தார் கேள்வி அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொல்வார்கள். இன்றைக்கு லயத்து வாசலில் இருக்கிற பையன் கையிலேயே எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு வழி சொன்னவனும் போனைப் பார்த்துச் சொல்லவில்லை. "அந்த டர்பன்டைன் மரம் தாண்டி, சாமி கல்லுக்குக் கிட்ட குறுக்கால இறங்குங்க" என்றான்.

சாமி கல் என்பது மரத்தடியில் குங்குமம் அப்பிய ஒரு நடுகல். பக்கத்தில் எலுமிச்சம்பழம், எரிந்த கற்பூரத்தின் கரி. செடியைத் தாழ வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை தொடங்கும்போது இங்கே பூசை போடுவார்களாம், கவ்வாத்துச் சாமி. கொழுந்துக்கு ஒரு சாமி, தேயிலை ஸ்டோரில் இயந்திரத்துக்கு ரோதை முனி. மெஷினில் கை போகாமல் காக்க ஒரு முனியாண்டி. ஊரிலிருந்து கொண்டுவந்த தெய்வங்கள் போதாமல், வேலைக்கு வேலை புதிதாக உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை கோயில் பார்த்தவள் நான், இப்படித் தொழிற்சாலைக்குள் பிறந்த சாமியை எங்கள் பக்கம் பார்த்ததில்லை.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது மலையகக் கட்டுரை ஆகாது. நிழல் விழும் ஓடைக்கரையில் அவள் காலுறையில் கறுப்பு நூல் மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. ஒன்று என்று பார்த்தால் ஏழெட்டு. அலறினாள். கண்டி அரசில் பல ஆண்டு கைதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681-ல் வெளியிட்ட நூலில் இந்த அட்டைக்கு வைத்தியம் எழுதியிருக்கிறார்: துணியில் எலுமிச்சையும் உப்பும் முடிந்து குச்சியில் கட்டி, அடிக்கடி காலில் ஒற்றிக்கொண்டே நடப்பது. நாங்கள் அதையே செய்தோம். முந்நூற்று நாற்பது வருடத்தில் விஞ்ஞானம் இதைத் தாண்டி அதிகம் போகவில்லை. இழுத்துப் பிடுங்கக் கூடாது. தானாக விழவிட்டு, கழுவி, ரத்தம் நிற்கும் வரை அழுத்தினால் போதும்.

பத்து மணி வாக்கில் கொழுந்து மடுவத்துக்கு வந்துவிட்டோம். நாலு தூண், தகரக் கூரை, நடுவில் தொங்கும் தராசு. கொழுந்து நிறுக்கிற இடம். பெண்கள் மேலேயிருந்து இறங்கிவந்து கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு சுற்றி, தலைக்கயிற்றில் பை தொங்க, ரப்பர் செருப்பில். நாங்கள் கம்பு ஊன்றி இறங்கிய அதே சரிவில். கணக்குக்காரர் ஒவ்வொரு பையாக மாட்டி, எண்ணைக் கூவி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போட்டு எழுதினார். கழிவு சொல்லும்போதெல்லாம் வரிசையில் ஒரு முணுமுணுப்பு. நாளொன்றுக்குப் பல தோட்டங்களில் பதினெட்டு கிலோவை ஒட்டி எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். 2021-ல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்பதே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு வந்தது. 2024-ல் 1,350 ஆனது.

எங்கள் பைகளைப் பார்த்த ஒரு அக்கா, "அதுல என்னா புள்ள இருக்கு? இங்க மாட்டு, நிறுத்துப் பாப்போம்" என்றார். கணக்குக்காரர் சிரித்துக்கொண்டே தங்கை மகளின் பையைத் தராசில் மாட்டினார். ஆறு கிலோ நானூறு. "கழிவு போக அஞ்சரை" என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. அதற்கு முன்னால் நிறுத்த பை பதினாலு. அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். "இதத் தூக்கிட்டா இப்பிடி மூச்சு வாங்குற? இன்னும் ரெண்டு மல ஏறணுமே நீ" என்றார். முறுக்கு டப்பா அங்கே திறக்கப்பட்டது. பை முந்நூறு கிராம் குறைந்தது.

எங்கே போகிறோம் என்று கேட்டவர்கள் எல்லாரும் அடுத்துக் கேட்டது "வேலையாவா?" என்பதுதான். சும்மா நடக்கிறோம் என்றால் நம்பவில்லை. "பூண்டுலோயாவுக்குப் பஸ் இருக்கே அம்மா" என்று ஒருவர் அக்கறையோடு நேரம் எல்லாம் சொன்னார். வெள்ளைக்காரர்கள் நடப்பதற்கு இப்போது பழகிவிட்டிருக்கிறார்கள். தமிழ் பேசிக்கொண்டு இரண்டு பெண்கள் வேண்டுமென்றே நடப்பதுதான் கணக்கில் வரவில்லை. அடுத்தவர் வேலைக்குப் போகிற வழியில் நாம் வேடிக்கை பார்த்து நடக்கிறோம் என்பதால் சில மரியாதைகள் தானாக வர வேண்டும். கொழுந்து நடக்கிற மலைக்குள் குறுக்கே புகக் கூடாது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. கூடையோடு சிரிக்கச் சொல்லவே கூடாது. மருந்தடித்த மலையில் நிற்கக் கூடாது. வெற்றுக் கையால் இலையைத் தொடவும் வேண்டாம்.

லயத்து வரிசையில் ஒரு பாட்டி எங்களை இஸ்தோப்பில் உட்காரவைத்தார். இஸ்தோப்பு என்பது வாசல் தாழ்வாரம். அதற்குப் பின்னால் ஒரே ஒரு காம்பரா, அதற்குள் குடும்பம் முழுக்க. கோப்பையில் பால் இல்லாத சாயத் தண்ணி வந்தது. கூடவே ஆளுக்கொரு கரண்டி சீனியை உள்ளங்கையில் கொட்டினார். சீனியை நக்கிக்கொண்டு சாயத்தை உறிஞ்ச வேண்டும். தங்கை மகள் முதல் வாயில் எல்லாச் சீனியையும் முடித்துவிட்டு முழித்தாள். பாட்டி சிரித்து இன்னொரு கரண்டி போட்டார். நாக்கில் இனிப்பு கரையும்போது பின்னால் வரும் துவர்ப்பு, ஓட்டலில் கலக்கித் தருகிற டீயில் ஒருநாளும் கிடைக்காது.

"இந்தியாவுல எந்தப் பக்கம்?" மதுரை என்றேன். "கூடலூரு அங்கேருந்து கிட்டவா?" தூரம், மலை மேலே என்றேன். அவருடைய அக்கா குடும்பம் கூடலூர் போய்விட்டதாம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன சனம். 1964-ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதிப் பாதியாக. ஒரே லயத்தில் அக்கா ஒரு தேசம், தங்கை ஒரு தேசம். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார்கள். "மொத மொத காயிதம் போட்டப்ப, அங்க அட்ட கம்மின்னு எழுதியிருந்துச்சு" என்றார் பாட்டி.

பூண்டுலோயா மத்தியானம் கடந்துதான் வந்தது. நேஸ்மித்தை இரண்டால் பெருக்கியது சரியாகத்தான் இருந்தது. மலை மடிப்பில் ஒரே தெருவாகக் கிடக்கிற ஊர். கொத்து ரொட்டிக் கடையின் தகடு தாளம், தமிழ்ப் பாட்டு, நகைக் கடை, கோயில். பழைய ஆங்கிலப் பூச்சியியல் நூல்களில் இந்த ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். எர்னஸ்ட் கிரீன் என்ற துரை இங்கே தோட்டத்தில் இருந்துகொண்டு செதில் பூச்சிகளை ஆராய்ந்து தொகுதி தொகுதியாக எழுதினார். பின்னால் அரசாங்கத்தின் பூச்சியியலாளர் ஆனார். தேயிலையைக் கொல்ல வந்த பூச்சியைப் படித்தே பேர் வாங்கிய துரை.

சாயங்காலம் டன்சினன் அருவிக்கு ஆட்டோவில் போனோம். கால் கெஞ்சியது, நான் வற்புறுத்தவில்லை. டன்சினன் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தில் வருகிறது. அந்த நாடகத்தில் காடு நடந்து டன்சினனுக்கு வரும். இந்த டன்சினனிலோ காடு இடத்தைக் காலிசெய்துவிட்டுப் போனது. இங்கேதான் 2018-ல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 404 வீடுகளைக் கையளித்தார்கள். தனித்தனி வீடு, வீட்டுக்கு ஒரு துண்டு நிலம், வாசலில் ரோஜாவும் கறிவேப்பிலையும். காலையில் பார்த்த ஒற்றைக் காம்பராவுக்குப் பிறகு இதைப் பார்த்த தங்கை மகள், ஏன் எல்லாருக்கும் இது இல்லை என்று கேட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "நல்லாக் கேளுங்க மிஸ்" என்றார்.

மறுநாள் வட்டகொடைக்கு ஏற்றம். முதல் நாள் நடந்தவர்களுக்கு இரண்டாம் நாள் காலைதான் சோதனை. தொடைச் சதை கல்லாக இறுகியிருக்கும். முதல் அரை மணி மெல்ல நடந்தால் தானாக இளகும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். 4,000 அடியைத் தாண்டியதும் காற்று மாறியது. தேயிலைக்காரர்கள் இதற்கு மேலே விளைவதைத்தான் உயர்நிலைத் தேயிலை என்று விலை பேசுகிறார்கள். குளிருக்குச் செடி மெல்ல வளரும், மணம் கூடும். ஒரு முகட்டில் கிரேட் வெஸ்டர்ன் மலை திடீரென்று எதிரே எழுந்து நின்றது. அதன் காலடியில் தண்டவாளம் வளைந்து வளைந்து போனது. 1874-ல் நாவலப்பிட்டி, 1884-ல் ஹட்டன், 1885-ல் நானுஓயா என்று ரயில் படிப்படியாக ஏறி வந்த வழி. அதற்கு முன் காப்பி மூட்டை முழுக்க மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும் போனது.

தங்கை மகள் வாய் திறக்கவில்லை. அவள் போட்டோ எடுக்காமல் ஒரு இடத்தில் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு, "பெரியம்மா, அந்த ட்ரெய்ன் தெரியுதே, அதுல இருக்கறவங்களுக்கு நாம தெரிவோமா?" என்று கையை ஆட்டினாள். ஜன்னல் ஜன்னலாக யார் யாரோ பதிலுக்கு ஆட்டினார்கள்.

வட்டகொடை ஸ்டேஷன் சின்னது. ரயில் தாமதம் என்றார்கள், அது அங்கே செய்தி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பார்த்தாள்: குதிகாலில் ஒரு கொப்புளம், கணுக்காலில் அட்டை வைத்த இரண்டு பொட்டு. பெருமையோடு காட்டினாள். அடுத்த கட்டம் இங்கிருந்து கொட்டகலை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனில் பட்டியல் போடத் தொடங்கினாள். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத்து அண்ணன், "மாசியில வாங்க. அமாவாச கழிஞ்சு மூணாம் பிறைக்கு எங்க தோட்டத்துல காமன் ஊனுவோம். ரதி, மதன், எமன் எல்லாம் வேஷம் கட்டி வரும். தங்கறதுக்கு வீடு இருக்கு, ஆனா தூங்க விடமாட்டாங்க" என்றார்.

"ராத்திரி பூராவுமா அண்ணா?"

"விடிய விடிய."

அவள் பட்டியலில் படுக்கைப் பையை அடித்துவிட்டு, டார்ச்சுக்கு இன்னொரு ஜோடி பேட்டரி என்று எழுதிக்கொண்டாள்.